நத்தாரும் அன்பும்: கண்டிப் பிரதேசத்தை முன்னிறுத்திய ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழ்க் கிறித்தவர் கிறிஸ்து பிறப்பு விழாவை 'நத்தார்' என வழங்குவர். போர்த்துக்கேய மொழியில் அவ்விழாவைக் குறிக்கும் 'நத்தால்' என்னும் சொல்லே இங்ஙனம் தமிழ் வடிவம் பெற்றது. சிங்களத்திலும் அதே சொல் சிறு திரிபுடன் வழங்குகின்றது. விழாவின் பெயர் கடல் கடந்து வந்ததாயினும், அதன் உட்பொருளாக ஆண்டுதோறும் எடுத்துரைக்கப்படும் 'அன்பு' தமிழுக்குப் புதிய சொல்லன்று. கிறித்தவம் தமிழ் பேசத் தொடங்குவதற்குப் பன்னூற்றாண்டு முன்னரே அது பொருள் செறிந்து விளங்கிய சொல். ஆகவே நத்தார்க் காலத்தில் அன்பு பற்றிப் பேசுவோர், தாம் அறிந்தோ அறியாமலோ, இரு மரபுகளின் சந்திப்பில் நின்றே பேசுகின்றனர்.

மார்கழியிற் பாடசாலைகளில் நிகழும் ஒளிவிழாக்களிலும் திருச்சபைகளின் மலர்களிலும் இச்சொல் எவ்வளவு தாராளமாகப் பயன்படுகின்றது என்பதை நாம் அறிவோம். அத்தாராளமே அதன் பொருளை நீர்த்துப்போகச் செய்துள்ளது. இதனைக் கண்டு முற்போக்கு விமர்சகர் சிலர், அன்பு பற்றிய பேச்சு யாவும் சுரண்டலை மறைக்கும் திரையே என ஒரேயடியாக ஒதுக்குவர். பக்தர்களோ அன்பைக் காலத்துக்கும் இடத்துக்கும் அப்பாற்பட்ட ஒன்றாகக் கொண்டு, அதன் சமூக உள்ளடக்கத்தை வினவுவதையே பிழையெனக் கருதுவர். இவ்விரு நிலைகளும் ஆராய்ச்சிக்கு உதவா. யார் யார்மீது, எத்தகைய உறவுநிலையில் நின்று அன்பு கொண்டனர் என்னும் வினாவை ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பில் வைத்து எழுப்பும்போதுதான் அச்சொல்லின் உண்மையான பெறுமதி புலனாகும். நாம் வாழும் கண்டிப் பிரதேசம் அதற்கு வாய்ப்பான களம். அரசர் காலக் கத்தோலிக்க மறைப்பணி, கோப்பித் தோட்டக் காலப் புரட்டஸ்தாந்து மிஷன், இருபதாம் நூற்றாண்டின் சமூகநீதிச் சிந்தனை ஆகிய மூன்றும் இங்கு ஒன்றன்மேலொன்றாகப் படிந்து கிடக்கின்றன.

முதலிற் சொல்லை நோக்குவோம். வள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைத்தார். தொடர்புடையார்மாட்டுச் செல்வது அன்பு, தொடர்பு கருதாது எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என உரையாசிரியர் வேறுபடுத்துவர். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலம் பகைவனையும் உள்ளடக்கி விரியும் ஒன்றைப் பற்றிப் பேசுகின்றது. பரப்பை மட்டும் நோக்கின் அது அருளுக்கே நெருங்கியது. ஆயினும் தமிழ் வேதாகமத்தில் அப்பொருளுக்கு அன்பு என்னும் சொல்லே நிலைபெற்றது. இறைவன் மனிதனுக்கு இரங்குவதைக் குறிக்கக் கிருபை, அருள் முதலிய சொற்கள் வேறாக வேண்டப்பட்டமை இதற்கு ஒரு காரணமாகலாம். காரணம் எதுவாயினும் விளைவு குறிப்பிடத்தக்கது. அருள் மேலிருந்து கீழ்நோக்கி இறங்குவது. அதனைப் பெறுபவன் திருப்பிச் செய்யவேண்டியது எதுவுமில்லை. அன்போ தொடர்பை வேண்டி நிற்பது. அந்நியனிடத்து அன்புசெய் எனத் தமிழில் ஒருவர் சொல்லும்போது, அவனைத் தொடர்புடையவனாக்கு என்றே சொல்கிறார். பழைய சொல்லின் எல்லையை இது உடைக்கின்றது.

ஆங்கிலத்தில் நிகழ்ந்ததோ வேறு. 1611ஆம் ஆண்டின் வேதாகம மொழிபெயர்ப்பு, கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் 'சரிற்றி' என்னும் சொல்லை ஆண்டது. லத்தீனிலிருந்து வந்த அச்சொல் காலப்போக்கில் ஏழைக்கு இடும் தருமத்தைக் குறிப்பதாய்ச் சுருங்கிற்று. 1881இல் வெளிவந்த திருத்திய மொழிபெயர்ப்பு அதனை நீக்கி அன்பைக் குறிக்கும் பொதுச்சொல்லை இட்டது. ஆனால் அதற்குள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பிரித்தானிய நடுத்தர வர்க்கத்தின் சமய ஒழுக்கம் தருமம் என்னும் அச்சிலேயே வார்க்கப்பட்டுவிட்டது. கண்டி மலைகளுக்கு வந்த மிஷன் தமிழ் நூலில் அன்பு என்னும் சொல்லையும், நடைமுறையில் ஆங்கிலேயரின் தரும வழக்கத்தையும் ஒருசேரக் கொண்டு வந்தது. இவ்விரண்டுக்கும் இடையிலான இடைவெளியே இக்கட்டுரையின் பொருள்.

நத்தாரின் மூலக்கதையைத் தோட்டப்புற வரலாறு அறிந்த ஒருவர் புதிதாக வாசிப்பாராயின், அது எவ்வளவு அண்மையிலுள்ள கதை என்பதைக் கண்டு வியப்பார். லூக்கா தரும கதைகூறும் முறையில் எழுதவில்லை. பேரரசன் ஒருவன் குடிமதிப்புக்குக் கட்டளையிடுகிறான். உழைத்துண்ணும் குடும்பமொன்று, பெண் நிறைமாதக் கர்ப்பிணியாயிருக்க, தன்னைப் பதிந்துகொள்வதற்காக மூதாதையர் ஊருக்கு நெடுந்தூரம் செல்கின்றது. தங்குமிடத்தில் இடமில்லை, குழந்தை கால்நடைக்குத் தீனியிடும் தொட்டியிற் கிடத்தப்படுகின்றது. செய்தி முதலிற் சென்று சேர்வது இரவில் ஆடு காக்கும் கூலிகளிடம். மத்தேயு இன்னுமொன்றைச் சேர்க்கிறார்: அரசன் குழந்தைகளைக் கொல்விக்கிறான், குடும்பம் எல்லை கடந்து ஏதிலியாகின்றது. அக்குடிமதிப்பு எப்போது நடந்தது என்பது பற்றி வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாம் கருதுவது கதையின் அமைப்பை. அரச ஆணை, பதிவு, இடமின்மை, இரவுக் கூலி, ஏதிலி வாழ்வு என்பனவே அதன் எலும்புக்கூடு. மின்விளக்கும் பஞ்சுப் பனியும் பின்னர் வந்து ஒட்டியவை. (கண்டியின் பாலன் குடில்களிலும் பஞ்சுப் பனி கொட்டுவது தனியே ஆராயத்தக்க விநோதம்.)

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தையினதும், சில வேளைகளிற் பாட்டன் பூட்டனினதும் இலங்கைப் பிறப்புக்குச் சான்று கேட்டது. லயன் அறையிற் பிறந்து பதிவின்றி வளர்ந்த தலைமுறைகளிடம் கேட்கப்பட்ட சான்று அது. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் பாதிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தை நாடிப் பத்திரங்களுடன் மலையிறங்கிய குடும்பங்களையும், அவர்களைத் தலைமன்னார்வரை ஏற்றிச் சென்று 'ஒப்பாரிக் கோச்சி' எனப் பெயர்பெற்ற புகையிரதத்தையும் மலையக எழுத்து மறக்கவில்லை. பேரரசனின் கட்டளைப்படி மூதாதையர் ஊருக்குச் செல்லல் என்பதை இம்மக்களுக்கு விளக்க உரைநூல் வேண்டியதில்லை. இருந்தும், அக்காலத்து நத்தார்ச் சொற்பொழிவு மரபு லூக்காவின் குடிமதிப்பைக் கதைத் தொடக்கத்துக்குரிய காலக் குறிப்பாகவே கடந்து சென்றது என்பது எமது அபிப்பிராயம்.

கண்டியிற் கிறித்தவ அன்பின் மிகப் பழைய, மிகத் துலக்கமான நிகழ்ச்சி மிஷன் காலத்துக்கு மிக முந்தியது. கோவையைச் சேர்ந்த கொங்கணிப் பிராமண மரபில் வந்த யோசேப் வாஸ் அடிகளார் 1687இல் ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த யாழ்ப்பாணத்திற் பிச்சைக்காரர் கோலத்தில் வந்திறங்கினார். (கோவை என்றது ஈண்டுப் போர்த்துக்கேயர் ஆண்ட கோவாவை.) கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. 1692இற் கண்டிக்கு வந்தபோது ஒற்றன் என ஐயுற்றுச் சிறைவைக்கப்பட்டார். 1697இல் தலைநகரிற் பெரியம்மை பரவியது. நோயுற்றோரைக் காட்டில் விட்டு ஏனையோர் அகன்ற நிலையில், அடிகளாரும் அவருடைய மருமகனாரான யோசேப் கர்வாலோ அடிகளாரும் அவர்களைத் தேடிச் சென்று குடில் அமைத்து, உணவூட்டி, புண் கழுவி, இறந்தோரைப் புதைத்தனர். சமய வேறுபாடு அங்குப் பார்க்கப்படவில்லை. பௌத்த அரசனாகிய இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்கு ஆதரவளித்தமைக்கு இப்பணி பெருங்காரணமாயிற்று. 1711 ஜனவரி 16இல் அவர் கண்டியிலேயே மறைந்தார். 2015 ஜனவரி 14இற் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார்.

புனிதர் வரலாறுகளுக்கே உரிய மிகைபடக் கூறலை நீக்கிப் பார்த்தாலும் இங்கு ஒரு சமூக உண்மை எஞ்சுகின்றது. வாஸ் அடிகளாரின் பின்னால் எந்த அரசும் இருக்கவில்லை. போர்த்துக்கேயர் இலங்கையை விட்டு அகன்று சில பத்தாண்டுகள் கழிந்திருந்தன. ஒல்லாந்தர் அவரைத் தேடினர். கண்டியரசின் தயவிலே அவர் வாழ்ந்தார். போர்த்துக்கேயர் காலத்து மறைபரப்பில் வாளும் சிலுவையும் ஒன்றாய் வந்தன, கோயில்கள் இடிபட்டன. அதே திருச்சபை அதிகாரத்தை இழந்து நின்ற வேளையிலேயே அதன் அன்பு நோயாளியின் பாயருகே சென்று அமர முடிந்தது. கொடுப்பவனும் பெறுபவனும் ஏறக்குறைய ஒரே தளத்தில் நின்றனர். மறைபரப்பும் அவரது நோக்கமே என்பதை மறுக்க வேண்டியதில்லை. அவரும் பின்வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரும் தமிழிலும் சிங்களத்திலும் ஆற்றிய பணி அந்நோக்கிலிருந்தே பிறந்தது. எனினும் அந்நோக்கை ஈடேற்ற அவர்களிடம் நிலமோ ஊதியமோ தண்டனையோ இருக்கவில்லை.

அடுத்த காட்சியில் இவை யாவும் இருந்தன. 1815இற் கண்டி பிரித்தானியர் வசமாயிற்று. 1820களிற் கம்பளையிலும், இன்று எமது வளாகத்துக்கு எதிர்க்கரையிலுள்ள கன்னொறுவையிலும் கோப்பி பயிரிடப்பட்டது. மன்னாரிலிருந்து தம்புள்ளை, மாத்தளை வழியாக நடந்து வந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர் அப்பயிரை மலை முழுதும் பரப்பினர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். 1854இல் தோட்டத் துரைமார் சிலரின் முயற்சியாலும் பொருளுதவியாலும் திருச்சபை மிஷனரிச் சங்கத்தின் கீழ் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கப்பெற்றது. திருநெல்வேலிக் கிறித்தவருள் தேர்ந்த உபதேசியார் தோட்டந்தோட்டமாகச் சென்று போதித்தனர். லயன்களுக்கிடையே சிறு பள்ளிகள் தோன்றின.

இம்மிஷனின் பெயரே ஆராய்ச்சிக்குரியது. அன்பு செய்யப்படவேண்டியவனை அவனுடைய தொழிற்சந்தை விலையின் பெயரால் அழைத்த சமய நிறுவனம் இது. ஆயர், உபதேசியார், துரை ஆகியோரின் தனிப்பட்ட நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. எழுத்தறிவு லயன் அறைக்குள் நுழைந்த முதல் வாயில்களுள் இதுவுமொன்று என்பது ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை. வினா வேறு. துரையின் சந்தாப் பணத்தில் இயங்கிய போதகர், துரைக்கும் தொழிலாளிக்கும் இடையிலான உறவு பற்றி என்ன பேசியிருக்க முடியும்? பொய் சொல்லாதே, குடியாதே, திருடாதே என்பன தொழிலாளிக்குப் போதிக்கத்தக்கன. கூலியைப் பிடித்து வைக்காதே என்பதும் வேதாகமத்தில் உள்ளதே. யாக்கோபின் நிருபம் அதனை மிகக் கடுமையாகவே சொல்கின்றது. அந்நிருபத்தைத் துரையின் பங்களாவில் யார் வாசித்துக் காட்டுவது?

தோட்டத்தின் அன்றாட உறவுகள் வெளிப்பார்வைக்கு அன்பின் மொழியிலேயே அமைந்திருந்தன என்பதும் கருதத்தக்கது. கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் சாதியாரையும் அழைத்து வந்தான். அவர்களுக்கு அவன் தகப்பன் நிலையில் நின்றான். கடன் அவ்வுறவின் நரம்பாயிருந்தது. தொழிலாளி ஒருவன் தோட்டம் மாறவேண்டின் அவன்மீதுள்ள கடனைக் காட்டும் 'துண்டு' கையில் இருக்கவேண்டும். 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை அது காகித விலங்காயிருந்தது. திருநாட்காலத்தில் அளிக்கப்படும் முற்பணம் இன்றும் தோட்டப்புறத்திற் பழக்கமான ஒன்று: விழாவுக்குமுன் கைக்கு வருவது, விழா முடிந்தபின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கழிக்கப்படுவது. பரிசுபோற் தோன்றிக் கடனாய் முடியும் இவ்வழக்கம், கொடுத்தல் என்னும் செயலே இவ்வுற்பத்தி அமைப்பினுள் எங்ஙனம் உருமாறுகின்றது என்பதற்குத் தக்க சான்று.

இலக்கியச் சான்றும் உண்டு. மலையகத் தமிழிலக்கியத்தின் தொடக்கநிலை நூல்களுள் ஒன்றாகப் பேசப்படும் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் ஆபிரகாம் ஜோசப் கோப்பித் தோட்ட உத்தியோகத்தர். பெயரே அவர் சமயத்தைக் காட்டுகின்றது. கோப்பிப் பயிர்ச்செய்கை முறைகளைக் கும்மி மெட்டில் விரித்துரைக்கும் அந்நூல் துரைமாரைப் போற்றி, தொழிலாளரைப் பணிவுக்கும் ஊக்கத்துக்கும் அழைக்கின்றது. ஆங்கில மொழிபெயர்ப்போடு அது வந்தமை யாருடைய கண்ணில் அது படவேண்டும் என எதிர்பார்க்கப்பட்டது என்பதைக் காட்டும். மு. நித்தியானந்தன் தமது 'கூலித் தமிழ்' (2014) நூலில் இதனை விரிவாக ஆராய்ந்து, அதன் வர்க்கச் சார்பை வெளிப்படுத்தியுள்ளார்.

அவ்வாராய்ச்சியோடு உடன்படும் நாம் ஒன்றை மட்டும் சேர்த்துரைக்க விரும்புகிறோம். கும்மி பெண்கள் வட்டமிட்டுக் கைகொட்டி ஆடும் வடிவம். வட்டத்தில் முதலிடமோ கடையிடமோ இல்லை. ஒருவர் கை மற்றவர் கைக்கு விடையளிக்கும். வேலை ஏவுபவனின் குரலை அவ்வடிவத்துக்குட் புகுத்தும்போது வட்டம் நிரையாகின்றது. வடிவம் தொழிலாளருடையது, பேச்சு நிருவாகத்தினுடையது. மிஷன் அன்பு என்னும் சொல்லுக்குச் செய்ததும் இத்தகையதே எனத் தோன்றுகின்றது. ஒருவரையொருவர் நோக்கி நிற்கவேண்டிய ஒரு சொல், மேலிருந்து கீழ்நோக்கிப் பேசப் பழக்கப்பட்டது. வரலாறு இவ்விடத்தில் ஒரு குறும்பும் செய்தது: கும்மி வெளிவந்த அதே 1869இலேயே கோப்பிச் செடியை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதல் இனங்காணப்பட்டது. பயிர் போயிற்று, தேயிலை வந்தது, துரையும் லயனும் மாறாதிருந்தன. தொழிலாளரிற் பெரும்பாலார் மாரியம்மனையும் முருகனையும் விட்டு அகலவில்லை என்பது மிஷனின் போதனைக்கு அவர்கள் அளித்த அமைதியான மறுமொழி எனலாம். மார்கழி விடியலிற் பஜனை பாடிச் செல்லும் தோட்டங்களிற் கிறித்தவக் குடும்பங்களின் கீதக்குழுவும் அதே லயன் வாசலைக் கடந்து செல்வதுண்டு. அவ்வாசலில் நிகழ்ந்த சமயக் கலப்பு மிஷன் அறிக்கைகளின் எல்லைக்குட் சிக்காதது.

நகரின் நடுவே, திரித்துவக் கல்லூரியின் ஆலயத்தில், இதற்கு நேர்மாறான ஒரு குரல் ஓவியமாக எழுந்தது. ஏ. ஜி. பிரேசர் 1904 முதல் 1924 வரை அதிபராயிருந்து, தாய்மொழி அறியாத கல்வி குறையுடையது என வற்புறுத்தியவர். ஆலயத்தை எல். ஜே. காஸ்ரர் கண்டியக் கட்டட மரபைத் தழுவி, செதுக்கிய கற்றூண்களோடு திறந்த மண்டபமாக அமைத்தார். 1935இல் அது நேர்ந்தளிக்கப்பட்டது. அதன் சுவர்களில் டேவிட் பெயின்ரர் தீட்டிய ஓவியங்களுள் சீடரின் கால் கழுவும் காட்சியும் நல்ல சமாரியன் காட்சியும் அடங்கும். இந்நாட்டின் நிலமும் ஒளியும் மனிதரும் அவ்வோவியங்களிற் புகுந்துள்ளனர். ஐரோப்பிய முகங்கொண்ட கிறிஸ்துவைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது ஓர் அதிர்ச்சியாயிருந்திருக்க வேண்டும்.

குடியேற்ற ஆட்சிக் காலத்தில், தலைவன் மண்டியிட்டுத் தொண்டனின் காலைக் கழுவும் காட்சியை மலைநாட்டுப் பிரபுக்களின் மைந்தர் பயின்ற கல்லூரியின் சுவரில் எழுதுதல் சிறிய செயலன்று. மேல்–கீழ் உறவு அங்குத் தலைகீழாக்கப்படுகின்றது. ஆயினும் அது ஆலயச் சுவருக்குள் நிகழும் தலைகீழாக்கம். வெளியே தேயிலைத் தோட்டத்தில் எவரும் எவர் காலையும் கழுவவில்லை. நல்ல சமாரியன் உவமையையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். எரிகோ வீதியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவியவன் அவனுடைய இனத்தானல்லன், பகையினத்தான். உவமையின் கூர்மை அதுவே. எமது ஒளிவிழா நாடகங்களில் அவன் வெறும் இரக்கமுள்ள வழிப்போக்கனாக மாறி, இனம் என்னும் முள் அகற்றப்படுகின்றது. மேலும், அவ்வுவமை அடிபட்டவனைப் பற்றிப் பேசுகின்றது. வீதி ஏன் கள்வருக்கு உகந்ததாயிருக்கின்றது என்பதைக் கேட்போரிடம் விட்டுவிடுகின்றது. மன்னார்–மாத்தளை வழியை எரிகோ வீதியாகக் கண்ட ஒருவர் எழுப்பவேண்டிய வினா அது.

அவ்வினா 1970களிலேயே கண்டியில் உரத்து எழுந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் இலத்தீன் அமெரிக்காவின் விடுதலை இறையியலும் அதற்கு உலகப் பின்னணி. 1971 ஏப்ரல் இளைஞர் கிளர்ச்சியும் அதன் ஒடுக்குமுறையும் உள்நாட்டுப் பின்னணி. 1959 முதற் கண்டிக் கத்தோலிக்க ஆயராயிருந்த லியோ நாணயக்கார, 1972இற் பதுளை தனி மறைமாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோது, வளமிக்க கண்டியை விட்டு வறிய பதுளையைத் தாமே விரும்பி ஏற்றுச் சென்றார். அதே ஆண்டிற் கண்டியில் இயேசுசபைத் துறவி போல் கஸ்பர்ஸ் அடிகளார் 'சத்தியோதய' நிலையத்தை நிறுவினார். சிங்களவரும் தமிழரும், பௌத்தரும் இந்துக்களும் கிறித்தவரும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்ந்து வாழ்ந்து பணியாற்றும் சிறு சமுதாயமாக அது உருவானது. தோட்ட மக்களின் ஊதியம், உறையுள், குடியுரிமை ஆகியவை அதன் ஆய்வுக்கும் செயலுக்கும் பொருளாயின.

காலமும் கொடியது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்திற் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. தொழிலாளர் குடும்பங்கள் மலையக நகர வீதிகளிற் கையேந்தி நின்றன. 1975இற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகின. ஆனால் நிலத்தை உழைத்து வளமாக்கியோர் அதன் உரிமைக்குள் வரவில்லை. 1977இல் வன்செயல் தோட்டப்புறங்களையும் எரித்தது. கையேந்தி நின்றவனுக்குச் சோறிடுவது தருமம். அவன் ஏன் கையேந்த நேர்ந்தது என ஆராய்ந்து, அவ்வாய்வை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் தமிழிலும் வெளியிட்டு, சிங்களக் கிராமத்தவரையும் தோட்டத்தவரையும் ஒரே கூட்டத்தில் இருத்திப் பேசச்செய்ய முனைவது வேறொன்று. கஸ்பர்ஸ் அடிகளார் பின்னதைத் தேர்ந்தார். 1979இல் உருவான இனங்களுக்கிடையே நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கத்திலும் அவர் முன்னணியில் நின்றார். 2017இல் மறையும்வரை மலையக மக்களை வர்க்கமாகவும் தேசிய இனமாகவும் ஒருங்கே நோக்கவேண்டும் என்பதே அவருடைய நிலைப்பாடாயிருந்தது. எமது இடதுசாரிகள் பலர் இவற்றுள் ஒன்றைப் பற்றி மற்றதைக் கைவிட்டனர் என்பதை நினைவிற்கொண்டால் இதன் அருமை விளங்கும்.

இவ்வரலாற்றில் மிகக் கூரிய தருணம் 1983இல் வந்தது. கண்டி நகரையும் உள்ளடக்கிய அங்கிலிக்கன் குருநாகல் மறைமாவட்டத்தின் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க 1962இல், தமது முப்பத்தைந்தாம் வயதில், அப்பதவியை ஏற்றவர். குடியியல் உரிமைகள் இயக்கத்தின் தலைமைப் பொறுப்பிலும் இருந்தவர். ஜூலை வன்செயல் நிகழ்ந்தபோது அவர் வெளிநாட்டில் இருந்தார். நாடு திரும்பி, செப்டெம்பரில் மறைமாவட்டப் பேரவைக்கு ஆற்றிய உரையில், திருநெல்வேலியிற் படையினர் கொல்லப்பட்டமை உட்பட எக்காரணமும், பாதுகாப்பற்ற தமிழர்மீது பெரும்பாலும் சிங்களவரால் இழைக்கப்பட்டதை அறத்தின்முன் நியாயப்படுத்தாது என அவர் தெளிவாகக் கூறினார். சிங்களவர் என்ற வகையில் அதற்காக வெட்கமுறவும் தமிழரிடம் மன்னிப்பு வேண்டவும் கடமைப்பட்டுள்ளோம் என்றார். (ஈண்டுத் திருநெல்வேலி என்றது யாழ்ப்பாணத்து ஊரை.) யாழ்ப்பாணத்துக்கும் அவர் நேரிற் சென்று வந்தார். ஒக்டோபர் 23இல், அவ்வாண்டு நத்தாருக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், ஐம்பத்தாறாம் வயதில் மறைந்தார்.

இவ்வுரையை நாம் அன்பு பற்றிய ஒரு பிரதியாக வாசிக்கலாம் எனக் கருதுகிறோம். அக்கொடுமைக்குப்பின் அகதி முகாம்களுக்கு உணவும் உடையும் அனுப்பியோர் பலர். அயலவரைத் தம் வீட்டில் மறைத்துக் காத்த சிங்கள மக்களும் எண்ணற்றோர். அவர்களே உவமையின் சமாரியர். ஆயினும் உதவி எத்துணைப் பெரிதாயினும் கொடுப்பவனின் நிலையைக் குலைப்பதில்லை. அவன் கொடுத்தபின்னும் உயரத்திலேயே நிற்கிறான். மன்னிப்புக் கேட்பவனோ தன் நிலையைத் தானே இறக்குகிறான். மன்னிக்கவோ மறுக்கவோ உரிய சுதந்திரத்தை மற்றவனிடம் ஒப்படைக்கிறான். அந்நொடியில் இருவர்க்கும் இடையில் அதுகாறும் இல்லாத தொடர்பு ஒன்று உண்டாகின்றது. பெயின்ரர் சுவரில் எழுதிய கால் கழுவுதலை ஆயர் பேரவையின் மேடைக்குக் கொண்டு வந்தார் எனலாம். தாம் செய்யாத குற்றத்துக்காக அவர் மன்னிப்புக் கேட்டமை சிலருக்கு மிகையாய்ப் பட்டது. ஆனால் ஓரினத்தின் பெயரால் வந்த பலன்களை ஏற்போர், அப்பெயரால் வந்த பழியை மட்டும் தனிமனிதர்மேற் சுமத்தித் தப்ப இயலாது என்பதே அவருடைய நிலைப்பாட்டின் அடிப்படை. கிறித்தவம் பாவத்தைத் தனிமனிதனின் உள்ளத்துக்குரியதாக மட்டுமே கண்ட பழக்கத்தை இது கடந்து செல்கின்றது.

குறையும் இல்லாமலில்லை. அவ்வுரையின் அச்சு சிங்கள, தமிழ் இன உறவு. தோட்டத் தொழிலாளி அங்குத் தமிழனாக இடம்பெறுமளவுக்குத் தொழிலாளியாக இடம்பெறவில்லை. மன்னிப்பு வேண்டப்பட்டது உயிருக்கும் உடைமைக்கும் இழைத்த தீங்குக்கு. நிலமும் ஊதியமும் பற்றிய பழைய கணக்கு அதற்குள் அடங்கவில்லை. 1854இன் மிஷனை நடத்திய அதே திருச்சபை மரபின் வழிவந்தவர் அவர் என்பதை நினைக்கும்போது இக்குறை உறுத்தவே செய்கின்றது. கஸ்பர்ஸ் அடிகளாரின் பணியையும் விக்கிரமசிங்க ஆயரின் உரையையும் ஒருங்கே வைத்து வாசிக்கும்போதுதான் ஒன்றின் குறையை மற்றது நிரப்புவது தெரியும். முன்னதில் அமைப்பு பற்றிய ஆய்வு மிகுதி; பின்னதில் தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் நேர்மை மிகுதி.

இவை யாவும் சிறுபான்மைக் குரல்கள் என்பதை மறைப்பது ஆய்வறமன்று. ஆயர்கள் மறைந்தபின் திருச்சபைகளிற் பெரும்பாலானவை பழைய தடத்துக்கே மீண்டன. பரிசுப்பொதி வழங்கும் நத்தார் எங்கும் உள்ளது. முற்போக்காளரும் இக்குரல்களைத் தம் வரலாற்றுக்குள் ஏற்கத் தயங்கினர். ஏங்கெல்ஸ் தம் இறுதிக் காலத்தில் ஆதிக் கிறித்தவத்தை ஒடுக்கப்பட்டோரின் இயக்கமாக ஆராய்ந்தவர் என்பதையும், கவுட்ஸ்கி அதன்மேற் பெருநூல் எழுதியவர் என்பதையும் நன்கறிந்தோரே, அயலில் நிகழ்ந்த இம்முயற்சிகளைப் பாதிரியார்களின் வேலை எனக் கடந்து சென்றனர். பேராதனையிற் பத்தாண்டளவு கற்பித்த தனிநாயகம் அடிகளார், சங்கப் பாடல்களின் மனிதநேயத்தை உலகுக்கு எடுத்துரைத்தபோது, அன்பின் தமிழ்ப் பொருளை விரித்துரைக்கும் பணியொன்றைத் தொடக்கி வைத்தார். அதனைச் சான்றோர் செய்யுளிலிருந்து லயன் அறைவரை நீட்டியிருக்க வேண்டியது தமிழியல் ஆய்வாளரின் வேலை. அது போதியளவு நிகழவில்லை என்பதே எமது கருத்து.

2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை அளித்தது. பதிவுப் பிரச்சினை சட்டத்தின் ஏட்டில் முடிவுற்றது, நிலம் முடிவுறவில்லை. மலையக மக்கள் வருகையின் இருநூறாம் ஆண்டான 2023இல், ஜூலை 28ஆந் திகதி தலைமன்னாரில் நடைபயணமொன்று புறப்பட்டது. கிறித்தவ அமைப்புகள் சிலவும் அதன் ஒழுங்கமைப்பிற் பங்குகொண்டன. முன்னோர் வந்த அதே வழியிலே நடந்து, ஓகஸ்ட் 12இல் அது மாத்தளையை அடைந்தது. நடந்தோர் தம்முடன் கொண்டு சென்றவை காணி, வீடு, நியாயமான ஊதியம், சமமான குடிமை ஆகியன பற்றிய கோரிக்கைகள்.